என் அம்மாவும் கிளம்பிப்போகும் இங்வால்டும்

என் அம்மா ரன்வெய் ஒரு நாளில் அதிகமாகச் சொல்வது இரண்டே சொற்கள்: "இங்வால்ட் எங்க?" வேலை செய்யும் இடத்தில் கேட்டால் அதில் ஒரு நியாயம் உண்டு. வீட்டில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போது கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பாள்.

"அம்மா, இது நம்ம வீடு. அவரு இங்க இல்ல."

"அதான்டி கேக்குறேன். இங்க இல்லன்னா எங்க?"

நான் உருளைக்கிழங்கை வாங்கி உரிப்பேன்.

அம்மா சுண்ட்வோக் முதியோர் இல்லத்தின் கீழ்த்தளத்தில் வேலை பார்க்கிறாள். மறதி நோய் வந்தவர்களுக்கான தளம் அது. பதின்மூன்று பேர் இருக்கிறார்கள். மதியம் தாண்டினால் அவர்களைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் என்று சுவரில் ஒட்டியிருக்கிறது. இரண்டு பேர் என்றால் ஒருத்தி அம்மா, இன்னொருத்தி முதுகுவலியில் வீட்டில். அந்த முதுகுக்குப் பதிலாக ஏஜென்சி யாரையாவது அனுப்பும். வருகிறவருக்குக் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே ஒரு வாரம் ஆகும். தெரிந்ததும் போய்விடுவார். எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொஞ்ச நாளாக மனஸ்தாபம் என்பதால் சனி, ஞாயிறிலும் பள்ளிக்குப் போகாத நாளிலும் அங்கே பாத்திரம் கழுவப் போகிறேன். அதனால் இதெல்லாம் நான் கண்ணால் பார்த்தது.

அம்மாவைப் பார்த்தால் முதியோரைப் பராமரிக்கிறவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பொறுமை என்ற சரக்கு அவளிடம் கிடையாது. ஆட்டுப்பண்ணையில் ஏழு பிள்ளைகளுக்கு நடுவில் பிறந்தவள். கத்தினால்தான் தட்டில் மீன் விழும் வீடு அது. வளர்ந்ததும் மீன் ஆலையில் சேர்ந்து காட் மீனைக் கூறு போட்டாள். ஆலையை முதலாளி வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, கையில் வேலை இல்லாத பெண்களையெல்லாம் உட்காரவைத்து நகராட்சி இந்தப் பராமரிப்புப் படிப்பைச் சொல்லிக்கொடுத்தது. முதல் நாள் வேலை முடிந்து வந்து அவள் சொன்னது: "மீனாவது போட்ட எடத்துல கெடக்கும்."

அப்பா கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மேடைக்கு வேலைக்குப் போனார். ஒரு விடுமுறைக்கு வேறொரு வீட்டுக்குத் திரும்பினார். "காணாமப் போனவங்கள்ல அவன் ஒருத்தனைத்தான் நான் தேடிப் போகல" என்பாள் அம்மா. அதற்கு மேல் அந்தப் பேச்சு கிடையாது.

இங்வால்ட் விஷயத்துக்கு வருகிறேன். அவர் ஆயுள் முழுக்க மாட்டுக்குச் சினை ஊசி போட்டவர். ஊருக்குள் நீளமாகப் புகுந்த கடல்கழியின் இரண்டு கரையிலும் அவர் கால் படாத தொழுவம் இல்லை. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். "இந்த வட்டாரத்துல மேயுற மாட்டுல பாதிக்கு நான்தான் பொறுப்பு" என்று அவரே சாப்பாட்டு மேசையில் அறிவிப்பார். பக்கத்தில் இருக்கும் போர்கில்ட் கிழவி, "மீதிப் பாதிக்கு யாரு, பாதிரியாரா?" என்பாள். இது தினமும் நடக்கும். தினமும் இருவரும் புதிதாகச் சிரிப்பார்கள்.

ஊசி போட்டு முடித்ததும் எந்தப் பண்ணையிலும் அவரைக் காபி கொடுக்காமல் அனுப்பியதில்லை. அவர் குடிப்பார், வானிலை பற்றி இரண்டு வார்த்தை பேசுவார், இரண்டு முழங்கால்களையும் உள்ளங்கையால் தட்டி "சரி, சரி" என்பார். எங்கள் ஊரில் விருந்தாளி முழங்காலைத் தட்டிவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்கு மேல் அவரைப் பிடித்து வைப்பது மரியாதை இல்லை. நாற்பது வருடம் இதையே செய்த மனிதரை ஒரு கூடத்தில் உட்காரவைத்து, மூன்று மணிக்குக் காபியும் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? குடிப்பார். தட்டுவார். எழுந்து கிளம்புவார். தப்பி ஓடுகிறவரைத் தடுக்கலாம். கை கொடுத்து நன்றி சொல்லி விடைபெறுகிறவரை எப்படித் தடுப்பது?

முதல் தடவை போனது நவம்பரில். அன்றைக்கு ஏஜென்சி அனுப்பியிருந்தது லீனுஸ் என்ற ஸ்வீடன்காரப் பையனை. அம்மா ஒருவரைக் குளிப்பாட்டிவிட்டு வந்து பார்த்தால் இங்வால்டின் நாற்காலி காலி.

"கதவை யாருடா திறந்தது?"

"நான்தான். யாரையோ பாக்க வந்த பெரியவர் ஒருத்தர் கிளம்பினாரு."

"எப்படி இருந்தாரு?"

"நல்ல கோட்டு, தொப்பி. எனக்குக் கை குடுத்தாரு. காபி ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொன்னாரு."

"எங்க காபியவா? நல்லா இருக்குன்னாரா? அப்பவே தெரிஞ்சிருக்க வேணாமா உனக்கு, அவரு இங்க இருக்கறவருன்னு!"

வெஸ்ட்போ பண்ணையில் அவரைக் கண்டுபிடித்தார்கள். அந்தத் தொழுவத்தில் மாடு இருந்து பல வருடம் ஆகிறது. இப்போது அங்கே சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடும் துடுப்புப் படகுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். இங்வால்ட் ஒரு மஞ்சள் படகின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாராம். வெஸ்ட்போக்காரர் முதலில் அவருக்குக் காபி கொடுத்தார். பிறகுதான் போன் செய்தார். அம்மா தன் காரை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டிவந்தாள். வழியெல்லாம் அவர், "நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா? நல்லாத்தான் ஓட்டுற, கியரைத்தான் இந்தப் பாடு படுத்துற" என்று பாராட்டிக்கொண்டே வந்தாராம்.

அதற்குப் பிறகு அவர் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி ஒன்றை அவருடைய கோட்டுப் பைக்குள் தைத்து வைத்தார்கள். டிசம்பர் தொடக்கத்தில் பாதிரியார் வந்தார். எல்லோரையும்போல வாசலில் பூட்ஸைக் கழற்றி வரிசையில் வைத்தார், கோட்டை ஆணியில் மாட்டினார், உள்ளே போய்ப் பாட்டுப் பாடினார். இங்வால்ட் காபி முடிந்து வெளியே வந்து, வரிசையில் கண்ணுக்கு நல்லதாகப் பட்ட பூட்ஸைப் போட்டு, நல்லதாகப் பட்ட கோட்டை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். கருவி அம்மாவின் போனில் அவர் கூடத்திலேயே பத்திரமாக இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது. உண்மைதான், அவருடைய கோட்டு ஆணியில் பத்திரமாகத்தான் தொங்கியது. பால் லாரி ஓட்டுகிறவர் பனி உறைந்த ஆற்றுப் பாலத்தில் அவரைப் பார்த்து ஏற்றிக்கொண்டு வந்தார். பாதிரியார் இல்லத்துச் செருப்பில் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் மேலாளர் ஹேகே அம்மாவையும் இங்வால்டின் மனைவி மால்ஃப்ரியையும் மேலே கூப்பிட்டாள். ஹேகேவைக் கெட்டவள் என்று எழுதினால் எனக்கு வசதியாக இருக்கும். ஆனால் அவள் இரண்டு தளத்தையும் ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டைக் கணினிக்கு முன்னால் கொறிக்கிறவள். ஜாம் விழுந்து அவளுடைய கணினியில் ஒரு எழுத்து ஒட்டிக்கொண்டே இருக்கும்.

"இன்னொரு தடவை அவரு வெளிய போனா, நகரத்துல இருக்கற பூட்டின பிரிவுக்கு மாத்தியாகணும்" என்றாள். "அடுத்த தடவை பால் லாரி வராமப் போகலாம். ஆத்துலேருந்து எடுக்கற வேலைய நான் செய்யமாட்டேன்."

அவள் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அம்மாவுக்கு இன்னும் எரிச்சல்.

மால்ஃப்ரிக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இடுப்பு சரியில்லை. ஆனாலும் குளிர்காலம் முழுக்க, காலால் உந்தித் தள்ளும் பனிவண்டியைப் பிடித்துக்கொண்டு மேட்டிலிருந்து தினமும் இறங்கி வருவாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து காலுறை பின்னுவாள். அவர் சில நாள் அவளை அடையாளம் கண்டுகொள்வார், பல நாள் மாட்டார். நகரத்துக்குப் போக இரண்டு படகு மாற வேண்டும்.

"அங்க நான் எப்படிப் போறது?" என்று கேட்டாள் மால்ஃப்ரி.

"மாசம் ஒரு தடவை வண்டி ஏற்பாடு பண்ணலாம்" என்றாள் ஹேகே.

"மாசத்துக்கு ஒருக்கா போனா ஒவ்வொரு தடவையும் நான் யாருன்னு நானே அவருக்குச் சொல்லணும். இப்ப ரெண்டு நாளைக்கு ஒருக்கா சொன்னாப் போதும்."

அன்றிலிருந்து எங்கள் வேலை ஒன்றே ஒன்று: இங்வால்டை உள்ளே வைத்திருப்பது. கதவுக்கு எண் பூட்டு இருந்தது. புதிதாக வருகிறவர்கள் மறக்கக் கூடாது என்று யாரோ புத்திசாலி அதற்கு நாட்டின் அரசியல் சாசன ஆண்டை வைத்திருந்தார். தன் பிள்ளைகளின் பெயரை மறந்தவர்கள்கூட அந்த ஆண்டை மறப்பதில்லை; போர்கில்ட் தேசியகீதத்தைப் பாடிக்கொண்டே அதை அழுத்துவாள். எண்ணை மாற்றினோம். உடனே ஏஜென்சி ஆட்களால் உள்ளே வர முடியவில்லை. அதனால் புதிய எண்ணை எழுதிக் கதவுக்கு மேலே ஒட்டினார்கள். அம்மா அந்தச் சீட்டைப் பார்த்தாள். பிறகு பேசியதை இங்கே எழுத முடியாது.

கதவுக்கு முன்னால் கறுப்புப் பாயைப் போட்டால் பள்ளம் என்று நினைத்துத் திரும்பிவிடுவார்கள் என ஒரு பயிற்சியில் சொன்னார்களாம். போட்டோம். இங்வால்ட் வந்தார், பாயைப் பார்த்தார், காலை அகட்டி வைத்துத் தாண்டினார். பிறகு திரும்பி நின்று போர்கில்டுக்குக் கை நீட்டினார்: "பாத்து வாங்க, இங்க சாணிக் குழி." நல்லவேளை, அம்மா கதவுக்கு முன்னால் நின்றிருந்தாள்.

கதவில் புத்தக அலமாரிப் படம் ஒட்டினோம். மருத்துவர் வெளியே போகக் கதவு தெரியாமல் நடையில் இரண்டு சுற்றுச் சுற்றினார். நானும் என் பங்குக்கு ஒரு அட்டை எழுதித் தொங்கவிட்டேன்: "எல்லா மாடும் சினை. இன்று வேலை இல்லை." இங்வால்ட் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"கையெழுத்து இல்லையே. கையெழுத்து இல்லாம எதை நம்புறது?"

மறுநாள் கால்நடை மருத்துவர் ஒருவரின் பெயரைக் கையெழுத்தாகப் போட்டு வைத்தேன்.

"இவரு செத்து எவ்வளவு வருஷமாச்சு!" என்றார். "ஏம்மா, செத்தவன் எப்படி மாட்டைப் பாத்தான்?"

மறதி நோய்க்காரரிடம் இப்படி மாட்டிக்கொள்வது, பள்ளிக்கு லீவு லெட்டரில் அம்மா கையெழுத்தைப் போடுகிற என் தொழிலுக்கே அவமானம்.

கடைசியில் வேலை செய்தது எங்கள் யோசனை எதுவும் இல்லை. அம்மாவின் ஆத்திரம்தான். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முந்தைய மதியம். மரம் நிறுத்தி விளக்குப் போட்டாயிற்று. மேசையில் ஏழு வகைப் பலகாரம். கிறிஸ்துமஸ் என்றால் ஏழுக்குக் குறையக் கூடாது. அம்மாவின் ஒரு கையில் ஈரப் படுக்கைவிரிப்பு, இன்னொரு கையில் விழப் போகிற ஒரு தாத்தா. ஏஜென்சி ஆளைக் காணோம். இங்வால்ட் முழங்காலைத் தட்டினார்.

"சரி, சரி. காபிக்கு ரொம்ப நன்றி."

"உக்காருங்கய்யா!" என்று அம்மா கத்தினாள். ஆட்டுப்பண்ணைக் குரல். "பலகாரத்தைத் தொடவே இல்ல, அதுக்குள்ள கிளம்புறாரு! இப்படியே போனா எங்க கிறிஸ்துமஸையே வெளிய தூக்கிட்டுப் போயிருவீங்க!"

பண்டிகை நாளில் வீட்டுக்கு வந்தவர் எதையும் வாயில் வைக்காமல் போனால், அந்த வீட்டுக் கிறிஸ்துமஸையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். இப்போது யாரும் நம்புவதில்லை, ஆனால் யாரும் சாப்பிடாமலும் போவதில்லை. இங்வால்டின் முகம் சிவந்துவிட்டது.

"ஐயய்யோ, அது தப்பும்மா" என்று உட்கார்ந்தார். ஒரு பலகாரத்தை எடுத்தார். ஏழு வகையையும் ருசி பார்க்க வேண்டும் அல்லவா? ஒவ்வொன்றாக, மெதுவாக, மெல்லும்போது வீட்டுக்காரிக்கு ஒரு பாராட்டுச் சொல்லி. ஏழாவதை முடிக்கும்போது எங்கே கிளம்பினோம் என்பது மறந்துபோயிருந்தது. கிளம்ப எழுந்த போர்கில்டும் இன்னும் இரண்டு பேரும்கூட அந்தச் சத்தத்துக்கு உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு மூலையில் அம்மா ஈர விரிப்போடு நின்று கூடத்தைப் பார்த்தாள். எல்லோரும் நாற்காலியில். எல்லோர் வாயிலும் பலகாரம்.

"நாசமாப் போச்சு" என்றாள் அம்மா மெதுவாக. "கிறிஸ்துமஸ் எப்ப முடியுது?"

ஜனவரியில், பண்டிகை தொடங்கி இருபதாம் நாள் முடிகிறது. எல்லா வீட்டிலும் அன்றைக்கு மரத்தை வெளியே போடுவார்கள். அம்மா போடவில்லை. பிப்ரவரி வந்தது. மரம் நின்றது. நான் உறைபெட்டியை நிரப்பும் அளவு பலகாரம் சுட்டேன். பள்ளிக்கூடத்தில் கிடைக்காத மதிப்பெண் இதில் கிடைத்திருக்கும். இங்வால்ட் தினமும் எழுவார், அம்மா தினமும் கத்துவாள், அவர் தினமும் வெட்கப்பட்டு உட்காருவார். இடுப்புச் சுற்றளவு மட்டும் கூடிக்கொண்டே போனது. பக்கத்தில் மால்ஃப்ரி பின்னிக்கொண்டே, "கல்யாணத்துலேருந்து இந்த மனுஷன் இவ்வளவு நேரம் ஒரு எடத்துல உக்காந்து நான் பாத்ததில்ல" என்பாள்.

பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஒரு மகன், "எங்கப்பா என்கிட்ட போன்ல மெர்ரி கிறிஸ்துமஸ் சொல்றாரு, மார்ச் மாசத்துல!" என்று சண்டைக்கு வந்தான். ஹேகேவும் கீழே வந்தாள்.

"ரன்வெய், இது ஏமாத்து. நாம மனுஷரை மையமா வெச்சுப் பராமரிக்கணும்னுதான் சொல்லியிருக்கு."

"வெக்கிறேன். ஒரு மனுஷரை அனுப்பு, மையமா என்ன, மூலையிலயே வெச்சுக்கறேன்."

"என்கிட்ட ஆளு இல்லன்னு உனக்கே தெரியும்."

"அப்ப மரம் நிக்கும்."

மரம் அதற்குள் மரமாக இல்லை. தும்மினால் ஊசியிலை கொட்டியது. மார்ச் கடைசியில் தீயணைப்புச் சோதனைக்கு ஆள் வருவதாகச் செய்தி வந்தது. காய்ந்த மரம், மின்விளக்கு, தீ வந்தால் ஓடத் தெரியாத பதின்மூன்று பேர்; அம்மாவே விட்டுக்கொடுத்தாள். "சரி, காபிக்கு முன்னாடியே எடுத்துருங்க, அவரு தூங்கும்போது" என்றாள்.

வெள்ளிக்கிழமை. நான் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டும், இல்லை. காலையில் வர வேண்டிய கட்டடப் பராமரிப்பாளர் மூன்றரைக்கு வந்தார். கூடத்தில் காபி ஓடிக்கொண்டிருந்தது. தீயணைப்பு ஆள் திங்கள் காலை வருகிறார் என்பதால் பராமரிப்பாளரைத் திருப்பி அனுப்ப முடியவில்லை. அம்மாவே கதவைத் திறந்து அடியில் ஆப்பு வைத்தாள், மரம் போக வழி வேண்டுமே. சரியாக அப்போது கழிப்பறையிலிருந்து ஒருவர் மணி அடித்தார். அம்மா ஓடினாள். பராமரிப்பாளர் மரத்தின் அடியையும் ஹேகே நுனியையும் பிடித்து, எல்லோர் கண் முன்னாலும், கூடத்தின் நடுவாகத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இங்வால்ட் பார்த்தார். கையிலிருந்த பலகாரத்தைத் தட்டில் வைத்தார்.

"சரி, சரி" என்றார். இரண்டு முழங்காலிலும் பலமாக ஒரு தட்டு. "கிறிஸ்துமஸ் போயிருச்சு. இனி நம்மளும் கிளம்பலாம்."

இந்த முறை அவர் மட்டும் எழவில்லை. மூன்று மாதமாகத் தடுத்து வைத்த விருந்தாளிகள் அத்தனை பேரும் எழுந்தார்கள். எழ முடிந்தவர்கள் ஒன்பது பேர். ஒருவருக்கொருவர் கை கொடுத்து நன்றி சொன்னார்கள், எனக்கும் சொன்னார்கள். நான் கதவை மூட ஓடினேன். போர்கில்ட் என் கையைப் பிடித்துக்கொண்டு காபியைப் பற்றிப் பேசினாள், விடவில்லை. அம்மா கழிப்பறையிலிருந்து வெளியே வந்தபோது நடையில் வரிசையாக நின்று மற்றவர்களின் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"உக்காருங்க! எல்லாரும்! ஏழு வகையும் சாப்பிட்டீங்களா? கிறிஸ்துமஸை வெளிய தூக்கிட்டு..."

"மரத்தையே தூக்கிட்டாங்க" என்றார் இங்வால்ட், ஒரு பைத்தியத்திடம் பேசுவதுபோல மிக அன்பாக. "இனி நான் என்னத்தம்மா தூக்கிட்டுப் போறது?"

வெளியே வழியின் ஓரத்தில் ஹேகே மரத்தின் நுனியைப் பிடித்தபடி இதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது தடவை. அம்மாவுக்கு அது தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. அம்மா ஒன்பது பேரையும் பார்த்தாள். கையில் இருந்த துண்டைத் தரையில் வீசினாள்.

"போங்க! எல்லாரும் போங்க! எனக்கும் ஒரு செருப்பு குடுங்க, நானும் வர்றேன். எனக்கு மட்டும் இங்க என்ன இருக்கு?"

அது ஒரு திட்டம் என்று பிறகு சிலர் சொன்னார்கள். திட்டமும் இல்லை, மண்ணும் இல்லை. அவளுக்கு அலுத்துவிட்டது, அவ்வளவுதான். என்னை உள்ளே மீதி நாலு பேரோடு நிற்கச் சொல்லிவிட்டு, இரண்டு கையிலும் இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு அவளும் கிளம்பினாள். நான் கூடத்து ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். பனியும் மழையும் கலந்து கொட்டியது. பின்னால் அம்மா, "வரிசையா! கைய விடாதீங்க! போர்கில்ட், அது உங்க பூட்ஸ் இல்ல!" என்று கத்திக்கொண்டு போனாள். முன்னால் இங்வால்ட் பெரிய சாலையைப் பார்த்து வேகமாக நடந்தார். அம்மாவால் எட்டு பேரை விட்டுவிட்டு ஓடிப் பிடிக்க முடியாது. ஹேகே மரத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள், ஈரத்தில் வழுக்கி உட்கார்ந்தாள்.

அப்போதுதான் மால்ஃப்ரி பனிவண்டியோடு வந்து சேர்ந்தாள். பனி உருகிப்போன சாலையில் அதை இழுத்து வந்ததில் மூச்சு வாங்கியது.

"எங்க கிளம்பிட்டே?"

"வெஸ்ட்போவுக்கு. மாடு கத்துதாம்" என்றார் இங்வால்ட், தொப்பியைத் தொட்டு வணங்கிவிட்டு, அவளைத் தாண்டிப் போனார். அன்றைக்கு அவளை அவருக்குத் தெரியவில்லை.

மால்ஃப்ரி அவரைக் கூப்பிடவில்லை. கட்டடத்தின் பக்கவாட்டில் சமையலறைக் கதவு அவளுக்குக் கிட்டே இருந்தது. அதைத் திறந்து வாசற்படியில் ஏறினாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பண்ணை வீட்டுக்காரிகள் தொழுவத்தைப் பார்த்துக் கத்துவது மாதிரி ஒரே கத்து:

"காபி கொதிக்குது! குடிச்சிட்டுப் போறது!"

இங்வால்ட் நின்றார். ஊசிக்காரர் எவரும் அந்தக் குரலைத் தாண்டிப் போனதில்லை. திரும்பினார். சமையலறைக் கதவைப் பார்த்து நடந்தார், வாசல் கம்பியில் பூட்ஸின் சேற்றைச் சுரண்டினார், கழற்றி ஓரமாக வைத்தார், உள்ளே வந்தார். அவர் பின்னால் எட்டு பேரும் நனைந்துபோய் வந்தார்கள். புதுப் பண்ணை என்று எல்லோருக்கும் ஆர்வம். போர்கில்ட் என் பாத்திர அலமாரியைப் பார்த்து, "சுத்தமே இல்ல" என்றாள்.

மீதி நாலு பேரும் பத்திரம் என்று பார்த்துவிட்டு நானும் சமையலறைக்கு வந்து துண்டு எடுத்துக் கொடுத்தேன். மால்ஃப்ரி காபி ஊற்றினாள். இங்வால்ட் ஒரு வாய் குடித்துத் தலையாட்டினார்.

"அருமையான காபி."

"உன் வீட்டுக்காரி போடமாட்டாளா?" என்று கேட்டாள் மால்ஃப்ரி. குரலில் கொஞ்சம் கூர்மை இருந்தது.

"போடுவா. இதைவிட நல்லாவே போடுவா. எனக்குத்தான் அவகூட உக்காந்து குடிக்க வாய்க்கல. வீட்டுக்குப் போறதுக்குள்ள பதினஞ்சு வீட்டுக் காபி வயித்துல ஏறிரும். அவ ஊத்தி வெச்சது ஆறிப்போயிரும்."

"அவ எதுவும் சொல்லலியா?"

"சொல்லமாட்டா. ஊத்தி வெச்சிருவா."

மால்ஃப்ரி மூச்சை உள்ளே இழுத்து ஒரு "ஆமா" சொன்னாள். எங்கள் ஊர்க் கிழவிகள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் நான் உடனே பாத்திரத் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டேன், கழுவ எதுவும் இல்லாவிட்டாலும்.

ஹேகே முட்டியெல்லாம் சேறாக, தலைமுடியில் ஊசியிலையோடு கதவருகில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை.

"இது மூணாவது தடவை, ரன்வெய்."

"ஆமா. ஒன்பது பேரு வெளிய போனாங்க. ஒன்பது பேரையும் நகரத்துக்கு அனுப்பு. எடம் இருக்கா அங்க?"

"விளையாடாதே."

"கூட நான் இருந்தேன், ஹேகே. கூட ஆளு இருந்தா அதுக்குப் பேரு நடைபயிற்சி. ஒரு கதவால போனாங்க, இன்னொரு கதவால வந்துட்டாங்க. பாரு, உக்காந்திருக்காங்க."

ஹேகே பார்த்தாள். மேசையைச் சுற்றி ஒன்பது நனைந்த தலைகள். மால்ஃப்ரியின் கையில் காபிக் கெண்டி.

"தினமும் காபிக்கு அப்புறம் அவரோட சுத்தி நடக்க என்கிட்ட ஆளு கிடையாது" என்றாள். இந்த முறை சண்டைக்குச் சொல்லவில்லை.

"என்கிட்டயும் கிடையாது."

இரண்டு பேரும் களைத்துப்போயிருந்தார்கள். இங்வால்ட் முழங்காலைத் தட்டி எழுந்தார். மால்ஃப்ரிக்குக் கை கொடுத்தார். ஹேகே அருகில் வந்து தொப்பியைத் தொட்டார்.

"நீங்களும் அந்தப் பக்கம்தானா? வாங்க, பேசிக்கிட்டே போலாம்."

ஹேகேவும் இந்த ஊர்க்காரிதானே. "அந்தப் பக்கம்தான்" என்றாள். நனைந்த கோட்டின் பொத்தானை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

நகரத்து இடம் இப்போது வேறு யாருக்கோ போய்விட்டது. தினமும் காபி முடிந்ததும் மேலாளர் ஹேகே மாடியிலிருந்து இறங்கி வந்து, இங்வால்டோடு முன்கதவால் வெளியேறி, கட்டடத்தைச் சுற்றிச் சமையலறைக் கதவுக்கு வருகிறாள். நடக்கும்போது போனில் நகராட்சியிடம் ஆள் கேட்கிறாள். அவர்கள் இன்னும் பார்த்துச் சொல்கிறோம் என்றே சொல்கிறார்களாம். அம்மாவுக்கு இதிலும் எரிச்சல்தான்: "இவ கீழ நடந்துட்டு இருந்தா மேல் மாடியப் பாத்துக்க யாரு இருக்கா?" யாரும் இல்லை. நான் போய்ப் பார்த்தேன்.

நேற்று மழை. இங்வால்ட் சமையலறையில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தார்.

"அருமையான காபி. இந்தப் பண்ணைக்கு நான் வந்ததே இல்லையே!"

"நேத்தும் இதையேதான் சொன்னே" என்றாள் மால்ஃப்ரி.

"நேத்தா? நேத்து நான் அக்கரையில இருந்தேன்."

"எந்த அக்கரை? இதே நாற்காலியில..."

"மால்ஃப்ரி!" கழிப்பறைப் பக்கமிருந்து அம்மாவின் குரல் வந்தது, ஒரு கையில் யாரையோ பிடித்திருக்கும் குரல். "அவரோட வாதாடாதீங்க! ஊத்துங்க!"

மால்ஃப்ரி ஊற்றினாள்.